டிக்கெட்டும் அனுமதியும்: கேமரன் மலையிலிருந்து ஒரு பட்டணத்துத் தியேட்டர்

கோலாலம்பூரின் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானை மூத்த தலைமுறை இன்னும் பத்து ரோடு என்றுதான் சொல்கிறது. அந்தச் சாலையில் 1920 வாக்கில் எழும்பிய கொலிசியம் தியேட்டர், மலேசியாவில் படக்கொட்டகையாகவே நூறு ஆண்டைத் தொட்ட மிகச் சில கட்டடங்களில் ஒன்று. கட்டியவர்கள் சைக்கிள் அண்ட் கேரியேஜ் நிறுவனத்தைத் தொடங்கிய சுவா குடும்பத்தார். பக்கத்திலேயே 1921இல் திறந்த கொலிசியம் கஃபேயில் ரப்பர்த் தோட்டத் துரைமாரும் ஈயச் சுரங்கக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். இந்த இரட்டைக் கட்டடங்களைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் தியேட்டர் முகப்பின் புதுச்செவ்வியல் பாணியிலும் கஃபேயின் புகை பறக்கும் இறைச்சித் தட்டிலும் நின்றுவிடுகின்றன. துரையின் சனிக்கிழமை மாலை நன்றாகவே பதிவாகியிருக்கிறது. அவருடைய தோட்டத்தில் பால் வெட்டியவர்களின், கொழுந்து பறித்தவர்களின் மாலைப்பொழுது எங்கே கழிந்தது என்பதற்கு அந்த அளவு பதிவு இல்லை. ஒரு பழைய தியேட்டரின் பயன் காலத்துக்குக் காலம் மாறுவதை மதிப்பிட, கட்டட பாணியைவிட உறுதியான ஓர் அளவுகோல் உண்டு என்று இக்கட்டுரை வாதிடுகிறது. யார் தன் காசைக் கொடுத்து, வேறு யாருடைய அனுமதியும் கேட்காமல், அந்த வாசலைத் தாண்ட முடிந்தது என்பதே அது. பட்டணத்தில் நின்று கேட்டால் இந்தக் கேள்வியின் கனம் தெரியாது. அனுமதி இல்லாமல் எதுவும் நடக்காத ஓரிடத்திலிருந்து கேட்க வேண்டும். பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் அப்படிப்பட்ட இடங்கள்.

வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தை அளக்க வந்தது 1885இல். அதன்பின் நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. 1925இல் ஆங்கிலேய அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத்தலம், தேயிலை என்ற இரண்டு திட்டங்களும் உயிர்பெற்றன. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து ஏறும் மலைச்சாலை 1930களின் தொடக்கத்தில் முழுமை பெற்றது. 1933இல் அகர்வால் குடும்பத்தின் பாரத் தேயிலை வந்தது. காலத்தைக் கவனிக்க வேண்டும்: கங்காணி மூலம் கூலியாட்களைச் செலவு கொடுத்து அழைத்து வருவதை இந்திய அரசு 1938இல் தடை செய்துவிட்டது. ஆகவே இந்த மலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து நேரே ஆள் திரட்டக் கிடைத்தது ஏறத்தாழ பத்தே ஆண்டு. அதற்குப் பிறகு ஆள் வேண்டுமென்றால், ஏற்கெனவே மலாயாவில் இருந்தவர்களுக்குள்தான் தேடியிருக்க முடியும். இப்படி வந்து சேர்ந்தவர்களுக்குத் தாப்பா அறுபது கிலோமீட்டர் கீழே, வளைவு வளைவான ஒரே சாலையில். ரிங்லெட்டும் தானா ராத்தாவும் பிரிஞ்சாங்கும் கடைவீதிகளாக வளர்ந்தது உண்மை. ஆனால் அவை குளிர் தேடி வந்த வெள்ளைக்காரர்களுக்கும், காய்கறி பயிரிட்ட சீனர்களுக்கும், அவர்களை நம்பிய வணிகத்துக்கும் உருவான ஊர்கள். லயத்து வீடு, ஆயாக் கொட்டகை, மருந்தகம், தமிழ்ப்பள்ளி, கோயில், கடை என்று தொழிலாளியின் வாழ்வுக்கு வேண்டிய அனைத்தும் தோட்ட எல்லைக்குள் இருந்தன. அத்தனையும் நின்றது கம்பெனி நிலத்தில்.

கம்பெனி நிலத்தில் இருப்பது என்றால் என்ன என்பதை 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலைப் போல வேறு எந்த ஆவணமும் இவ்வளவு தெளிவாகச் சொல்வதில்லை. ஆர். எச். நாதன் தலைமையில் எழுந்த அந்தப் போராட்டம் கீழ்நாட்டு ரப்பர்த் தோட்டங்களுடையது. கேமரன் மலையினுடையது அன்று. இருந்தாலும் தோட்ட நிர்வாகம் என்ற அமைப்பு எங்கும் ஒரே அச்சில் வார்த்ததுதான். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடையை மூடுதல், பெண்களைத் தொல்லை செய்வதை நிறுத்துதல் ஆகியவற்றோடு வேறு சில கோரிக்கைகளும் அதில் இருந்தன. உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்து போக வேண்டும். கூடிப் பேசும் சுதந்திரம் வேண்டும். துரைக்கு முன்னாலும் எழுத்தர்களான கிராணிமார் முன்னாலும் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிப் போக விட வேண்டும். வேலை முடிந்து தன் சொந்த சைக்கிளில் பட்டணம் போகிறவன், எதிரே கிராணி வந்தால் இறங்கி, அவர் கடந்துபோகும்வரை வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டியிருந்தது. கூலி உயர்வோடு ஒரே பட்டியலில் இதையும் வைத்தார்கள் என்றால் அந்த வலி எவ்வளவு ஆழத்தில் இருந்தது என்று புரிந்துகொள்ளலாம். நாதன் நாடு கடத்தப்பட்டார். இராணுவம் இறக்கப்பட்டது. தொழிலாளர்கள் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். போகவும் வரவும் கூடவும் யாருக்கு உரிமை என்பதே அந்த மோதலின் அடிநாதம். தோட்டத் தமிழருக்குத் தியேட்டர் என்னவாக இருந்தது என்பதை இந்தப் பின்னணியை விட்டுவிட்டுப் பேசினால், பொழுதுபோக்கு என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடும்.

திரைப்படம் தோட்டத்துக்கு வந்த வழிகளில் ஒன்று அரசாங்க வண்டி. மலாயாத் திரைப்படப் பிரிவு 1946இல் நிறுவப்பட்டது. மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் என நான்கு மொழிகளிலும் விளக்கவுரை சேர்த்துக் குறும்படங்களை எடுத்தது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்ததும் அந்தப் பிரிவின் வேலை பன்மடங்காகப் பெருகியது. 1950இல் அவசரகாலத் தகவல் பணிக்குத் தலைமையேற்க லண்டனிலிருந்து வந்தவர் ஹியூ கார்ல்ட்டன் கிரீன். பின்னாளில் பிபிசியின் தலைமை இயக்குநரானவர். படக்கருவி, ஒலிபெருக்கி, மின்னாக்கி ஆகியவற்றை ஏற்றிய வண்டிகள் கம்பங்கள் எனப்படும் மலாய் ஊர்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் தோட்டங்களுக்கும் போயின. திரைக்கு முன்னால் ஒரு பேச்சு, பிறகு செய்திப்படம், அரசின் அறிவுரை, கூட்டத்தைப் பிடித்துவைக்க ஒரு கேலிப்படம். சரணடைந்த போராளிகளை மேடையேற்றிப் பேசவைத்ததும் உண்டு. அதே ஆண்டுகளில்தான் சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்புகளை ஒன்றாகத் திரட்டி முள்வேலி போட்டார்கள். அரிசி எடுத்துப் போவதற்குக்கூடக் கட்டுப்பாடு வந்தது. வெளியே போகும் வழி அடைபட்ட அதே நேரத்தில் படம் உள்ளே வந்தது என்பது தற்செயல் இல்லை. காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களம், இரவில் படம் பார்க்கும் திடலாகியிருக்கும். காலையில் யாருடைய குரலுக்குக் கூடினார்களோ, அவருடைய ஒப்புதலோடுதான் இரவிலும் கூடினார்கள். காசு கேட்கவில்லை என்பதால் இதை ஒரு கொடை என்று எழுதுகிறவர்கள் உண்டு. இலவசமாகக் கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லவும், வேறொன்றைத் தேர்ந்தெடுக்கவும் வழி இல்லாதபோது அது கொடையாகாது.

இன்னொரு வழி கோயில் திருவிழா. இதில் தொழிலாளர் கை ஓங்கியிருந்தது. திருவிழா வரிப்பணத்திலிருந்து ஒரு பங்கை ஒதுக்கிப் பட்டணத்துப் படக்காரரைக் கூப்பிட்டு, கோயில் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டி விடிய விடியப் படம் ஓட்டியது மலேசியத் தோட்ட வாழ்வின் பொதுச் சொத்து. அதைச் சொல்லாத தோட்ட நினைவுக்குறிப்பு அரிது. ஒரே கருவிதான் இருக்கும் என்பதால் ஒரு ரீல் முடிந்ததும் விளக்குப் போட்டு அடுத்ததை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் கச்சான் விற்கிறவர் ஒரு சுற்று வந்துவிடுவார். முன்பக்கம் இடம் பிடிக்க முடியாதவர்கள் துணிக்குப் பின்னால் பாய் விரித்து உட்கார்வார்கள். அவர்களுக்கு வில்லனின் வலக்கை இடக்கையாகும், படத்தின் பெயர் தலைகீழாய்ப் போகாமல் இடவலமாய்ப் புரண்டு தெரியும். எழுத்துத் தெரியாதவருக்கு அது ஒரு குறையே இல்லை. இங்கே படத்தைத் தேர்ந்தவர்கள் கோயில் கமிட்டிக்காரர்கள். பணமும் அவர்கள் திரட்டியது. ஆனாலும் திடல் தோட்டத்தினுடையது. பல இடங்களில் மின்சாரமும் தோட்டத்தினுடையதே. மறுநாள் வேலைநாளா விடுமுறையா என்பது நிர்வாகம் தீர்மானிப்பது. மலைத்தோட்டத்தில் இன்னொன்றும் உண்டு: மாலை மங்கினால் குளிர், கூடவே மூடுபனி, பெரும்பாலான மாதங்களில் மழை. கூரையில்லாத திரை கீழ்நாட்டில் தருகிற வசதியை ஐயாயிரம் அடி உயரத்தில் தராது. ஒரு கூரைக்கு என்ன மதிப்பு என்பது கேமரன் மலையில் எல்லாருக்கும் தெரியும்.

பட்டணத்துத் தியேட்டரின் கதைக்கு இப்போது திரும்பலாம். ஊமைப்படக் காலத்தில் தொடங்கிய கொலிசியம் தமிழருக்காகக் கட்டப்பட்டதில்லை. சீன முதலாளி, வெள்ளைக்கார வாடிக்கையாளர், ஐரோப்பியப் பெயர் என்பதே அதன் பிறப்பு. இடம்தான் பிறகு அதன் போக்கைத் தீர்மானித்தது. ஒரு பக்கம் மஸ்ஜித் இந்தியா வட்டாரம், மறுபக்கம் துணிக்கடைகள். சம்பளம் வாங்கியவர்கள் சேலை எடுக்கவும் நகை பார்க்கவும் வந்துபோகும் தெரு அது. 1931இல் தமிழ்ப் பேசும்படம் பிறந்ததும் இந்தியாவில் எடுத்தவை மலாயாவுக்குக் கப்பலேறின. போருக்குப் பிறகு ஷா சகோதரர்களும் கேத்தே நிறுவனமும் தீபகற்பம் முழுக்கக் கொட்டகைகளைக் கையில் வைத்திருந்தார்கள். ஒரே கட்டடத்தில் ஒரு வாரம் மலாய்ப் படம், அடுத்த வாரம் இந்தி, பிறகு தமிழ் என்று ஓடிய காலம் அது. இந்தக் கலப்பு திரைக்குப் பின்னாலும் இருந்தது. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்பு நிலையத்தில் மலாய்ப் படங்களை இயக்க இந்தியாவிலிருந்து இயக்குநர்களைக் கூட்டிவந்தார்கள். சென்னையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த எல். கிருஷ்ணன் 1950இல் ‘பக்தி’ என்ற மலாய்ப் படத்தை எடுத்து, மலாய் நடிகர் பி. ரம்லீயை முதன்முறையாகக் கதாநாயகனாக்கினார். ஆகவே பத்து ரோட்டுத் தியேட்டரில் மலாய்க்காரரும் தமிழரும் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார்ந்து ஒரே வகை அழுகைக் காட்சிக்கு அழுதார்கள் என்றால் அதில் வியப்பில்லை. தோட்டத்தில் இருக்கை வரிசை பதவி வரிசை: துரைக்கு நாற்காலி, கிராணிக்குப் பெஞ்சு, மற்றவருக்குத் தரை. தியேட்டரிலும் வகுப்பு இருந்தது. அதைத் தீர்மானித்தது டிக்கெட்டின் விலை. சம்பள நாளன்று தொழிலாளி ஒரு படி மேலே உட்கார நினைத்தால் உட்காரலாம், தடுக்க யாரும் இல்லை. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். சைக்கிளிலிருந்து இறங்கி நின்றவனுக்குச் சின்ன விஷயம் இல்லை.

1960களுக்குப் பிறகு தோட்டச் சமூகத்துக்கு நேர்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பெரிய தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற துண்டாடல் ஏராளமான குடும்பங்களை இருந்த இடத்திலிருந்து கிளப்பியது. அதை எதிர்கொள்ளத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் மாதச் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். தன் காசில் தனக்கொரு இடம் என்ற ஏக்கம் எவ்வளவு பெரிது என்பதற்கு அது சான்று. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். எஞ்சியவர்களில் பெரும் பகுதி 1980களிலும் 1990களிலும் பட்டணத்து ஓரங்களில் குடியேறியது. சினிமாத் தொழிலுக்கும் அதே ஆண்டுகளில்தான் அடி விழுந்தது. 1963 டிசம்பரில் தொலைக்காட்சி தொடங்கியிருந்தது. பிறகு வீடியோ கேசட், 1996இல் ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தொலைக்காட்சி, பேரங்காடிக்குள் பல திரை அரங்குகள். தனிக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடின. கொலிசியம் மூடவில்லை. லோட்டஸ் ஃபைவ் ஸ்டார் நிறுவனத்தின் கீழ் அது முதன்மையாகத் தமிழ்ப் படக் கொட்டகையாயிற்று. இந்திப் படங்களும் ஓடின. தோட்டத்திலிருந்து பெயர்ந்து வந்தவர்களே அந்தப் புதிய கூட்டத்தின் பெரும் பகுதி என்பது என் கணிப்பு. பட்டணத்தில் தமிழ்ப் பார்வையாளர் தொகை பெருகிய காலமும், கொலிசியம் தமிழுக்குத் திரும்பிய காலமும் பொருந்துவது அந்தக் கணிப்புக்கு வலுச் சேர்க்கிறது. முன்பு மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்து பார்த்த கட்டடத்துக்குப் பக்கத்திலேயே அவர்கள் இப்போது குடிவந்துவிட்டார்கள்.

இந்தப் பின்னணியில் 2006ஆம் ஆண்டுச் சர்ச்சையைப் பார்க்க வேண்டும். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005 வந்த சூட்டோடு, அன்றைய கலாசார, கலை, பாரம்பரிய அமைச்சு கொலிசியத்தைக் கையகப்படுத்திப் பாரம்பரிய மையமாக்கும் திட்டத்தை வெளியிட்டது. உரிமையாளர் குடும்பம் மறுத்தது, பொதுமக்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது, திட்டம் நிறைவேறவில்லை. அமைச்சின் நோக்கத்தைக் குறைசொல்ல வேண்டியதில்லை. கட்டடம் இடிபட்டுவிடுமோ என்ற அச்சம் நியாயமானது. ஆனால் திட்டத்துக்கு அடியில் ஒரு கருத்து ஒளிந்திருந்தது: தியேட்டர் படம் காட்டுவதை நிறுத்தினால்தான் பாரம்பரியமாகும், ஓடிக்கொண்டிருக்கும் வரை அது வெறும் வியாபாரம். இதை ஏற்க முடியாது. ஒரு கோயிலில் பூசை நடப்பதால் அதன் தொன்மை குறைந்துவிடுவதாக யாரும் சொல்வதில்லை. வாராவாரம் புதுப்படத்துக்கு வரிசை நிற்பது அந்தக் கட்டடத்தில் நூறு ஆண்டாக நடந்துவந்த செயல். அதை நிறுத்திவிட்டு அதன் புகைப்படத்தைச் சுவரில் மாட்டுவது பாதுகாப்பு ஆகாது. தமிழருக்கு இதில் கூடுதல் காரணமும் உண்டு. கேமரன் மலையிலோ கீழ்நாட்டிலோ அவர்கள் கூடிய இடங்கள் தோட்டம் கைமாறியபோதும் மூடியபோதும் பெரும்பாலும் மறைந்துபோயின. லயம் இடிபட்டது, திடல் வீட்டுமனையாயிற்று, கோயிலே பல இடங்களில் இடம் மாறிற்று. நிரந்தரமாக நிற்கிற ஒரு பொது இருக்கை என்று காட்டப் பட்டணத்துத் தியேட்டரைப் போல வேறு அதிகம் இல்லை.

பயன் மாறிய பிற தியேட்டர்களோடு வைத்துப் பார்த்தால் அளவுகோல் இன்னும் தெளிவாகும். சென்னை மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் 1913இல் திறந்த எலெக்ட்ரிக் தியேட்டர் இரண்டே ஆண்டில் அஞ்சல் துறை கைக்குப் போயிற்று. தலைமை அஞ்சலக வளாகத்தில் தபால்தலை நிலையமாக அது இன்றும் நிற்கிறது. கட்டடம் பிழைத்தது, கூட்டம் கலைந்தது. மதுரையில் 1952இல் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டர், 2,500க்கு மேல் இருக்கைகள் கொண்டது, ஆசியாவிலேயே பெரியது என்று ஊரே பெருமைப்பட்டது. அது இடிக்கப்பட்டு அந்த இடத்தில் துணிக்கடை எழுந்தது. கட்டடம் போனது, கூட்டம் வேறு வாசலில் சேலை எடுக்க வருகிறது. கோலாலம்பூர் ஜாலான் சுல்தானில் ஷா சகோதரர்களின் ரெக்ஸ் 1947இல் திறந்து, 1972இல் தீப்பிடித்து, 1976இல் திரும்பக் கட்டப்பட்டு, 2002இல் மூடியது. சில காலம் முதுகுப்பைப் பயணிகளின் விடுதியாக இருந்து, 2019 முதல் ரெக்ஸ்கேஎல் என்ற பெயரில் கடைகளும் உணவும் நிகழ்ச்சிக் கூடமுமாகவும், பிறகு பெரிய புத்தகக் கடையாகவும் உயிர்பெற்றது. சரிந்துகொண்டிருந்த ஒரு கூட்டை இடிக்காமல் மீட்டது பாராட்ட வேண்டிய காரியம். புத்தகக் கடைக்காகப் படிக்கட்டு வரிசைகளை அப்படியே பயன்படுத்திக்கொண்டதில் நுட்பமும் இருக்கிறது. கட்டடக்கலைப் பார்வையில் இது மூன்றிலும் சிறந்த முடிவு என்றே சொல்லலாம்.

இங்கேதான் வலுவான மறுப்பு வருகிறது. ரெக்ஸ்கேஎல்லுக்குள் நுழைய டிக்கெட் வேண்டாம், யார் வேண்டுமானாலும் போகலாம். காசு கொடுத்தால்தான் உள்ளே விடும் சினிமாவைவிட அதுதானே திறந்த இடம் என்று கேட்கலாம். கேள்வி சரியானது. ஆனால் டிக்கெட் வாங்கியவனுக்குக் கிடைத்தது வாசலைத் தாண்டும் உரிமை மட்டும் இல்லை. இரண்டரை மூன்று மணி நேரம் அந்த இருக்கையில் யாரும் எழுப்பாமல் உட்கார்ந்திருக்கும் உரிமையும் அதில் அடக்கம். கடைகள் நிறைந்த கூடத்தில் நுழைவு இலவசம். தங்குவதற்கு ஒரு காபியாவது வாங்க வேண்டும், வாங்கினாலும் என்ன உடையில் யாரோடு வந்தோம் என்ற கூச்சம் கூடவே வரும். இருட்டில் அந்தக் கூச்சம் இல்லை. இரண்டாவது மறுப்பு கடுமையானது: சினிமா தோட்டத் தொழிலாளியை மயக்கி வைத்தது, சங்கத்தில் சேர வேண்டிய நேரத்தைத் தின்றது, கள்ளுக்கடைக்கு அடுத்தபடியான போதை அது என்பது. சீர்திருத்தக்காரர்களிடமும் தொழிற்சங்கத்தாரிடமும் இந்தக் குரல் எழுந்ததுண்டு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. சம்பளத்தில் ஒரு பங்கு கொட்டகையில் போயிற்று, திரையில் கண்ட நியாயம் திரையோடு நின்றுவிட்டது. ஆனால் 1941இன் கோரிக்கைகளையே எடுத்துக்கொண்டால், கள்ளுக்கடையை மூடக் கேட்டவர்கள் அதே மூச்சில் கூடும் உரிமையையும் கேட்டார்கள். கள்ளுக்கடை தோட்டத்துக்குள் இருந்தது, அவர்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டது. கொட்டகை அவர்களை வெளியே கொண்டுவந்தது. அங்கே பக்கத்துத் தோட்டத்து ஆளைச் சந்திக்கலாம். அங்கே கூலி எவ்வளவு, அந்தத் துரை எப்படி என்று தெரிந்துகொள்ளலாம். படம் என்ன சொன்னது என்பதைவிட, படத்துக்கு முன்னும் பின்னும் வாசலில் பேசியது என்ன என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வண்டியில் வந்த அரசாங்கப் படத்துக்கும் தியேட்டர் படத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது மறுப்பு காலத்தைச் சுட்டுவது: இன்று எல்லாரிடமும் கைபேசி இருக்கிறது, படம் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஆகவே இந்த அளவுகோலுக்கே வேலை முடிந்துவிட்டது. கேமரன் மலை இதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறது. இன்று அந்தத் தோட்டங்களில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். மூன்று நான்கு தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் குறைந்துவிட்டன. அவர்களின் பிள்ளைகள் கடைவீதியிலோ விடுதித் தொழிலிலோ தலைநகரிலோ இருக்கிறார்கள். புதியவர்களின் வேலை பெர்மிட் ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. கைபேசி அவர்களுக்குப் படத்தைக் கொடுத்துவிட்டது. வாரத்தில் ஒரு மாலை, விடுதி அறைக்கு வெளியே, தன் நாட்டவரோடும் மற்றவரோடும் சேர்ந்து உட்கார ஓர் இடத்தை அது கொடுக்கவில்லை. 1941இல் கேட்ட கேள்வியின் பாதி இன்னும் அப்படியே நிற்கிறது, கேட்பவரின் மொழி மட்டும் மாறியிருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்த தமிழருக்கோ வேறு வகைச் சிக்கல். சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015இல் வெளிவந்தது. தோட்டம் போன பிறகு புறம்போக்குக் குடியிருப்பில் வளரும் ஒரு சிறுவனின் 1990களைச் சொல்லும் தமிழ்ப் படம். 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத மொழிப் படங்களைத் தனிப் பிரிவில் ஒதுக்க முனைந்தபோது கலைஞர்களே எதிர்த்தார்கள், ஏற்பாடு மாற்றப்பட்டது, ‘ஜகாட்’ சிறந்த மலேசியப் படமாயிற்று. எந்த வரிசையில் உட்காரலாம் என்ற பழைய கேள்விதான் அங்கேயும் எழுந்தது.

இதையெல்லாம் ஏற்றுக்கொண்டால் செய்ய வேண்டியவை சில உண்டு. கட்டடத்தை அளந்து வரைபடம் போடுவதோடு, வாராவாரம் என்ன படம் ஓடியது, எந்த வகுப்புக்கு என்ன விலை, சம்பள வாரத்தில் வசூல் எவ்வளவு என்பதைக் காட்டும் விநியோகக் கணக்குகளையும் நாளேட்டு விளம்பரங்களையும் திரட்ட வேண்டும். தமிழ் நேசன், தமிழ் முரசு இதழ்களின் பழைய தொகுப்புகள் இதற்கு முதல் இடம். மலாயாத் திரைப்படப் பிரிவு பின்னாளில் பிலெம் நெகாராவாகிப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போயிற்று. அந்தப் பிரிவின் தமிழ் விளக்கவுரைப் படங்களையும் வண்டிகள் எந்தெந்தத் தோட்டத்துக்குப் போயின என்ற குறிப்புகளையும் தோட்டத்து நினைவுகளோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். கோயில் கமிட்டிகளின் வரவு செலவு நோட்டுகளில் திருவிழாப் படத்துக்குக் கொடுத்த தொகை எழுதியிருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கிப் படியெடுக்க இது கடைசிக் காலம், ஏனென்றால் தோட்டம் மூடும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்த நோட்டுகள். கொலிசியம் போன்ற ஒரு கட்டடத்துக்கு நாளைக்கு மீண்டும் புதிய பயன் யோசிக்கப்பட்டால், முகப்பைக் காப்பாற்றுவது என்ற நிபந்தனைக்கு முன்னால் மூன்று நிபந்தனைகளை வைக்கலாம்: கூடத்தில் ஒரு திரையாவது ஓட வேண்டும், ஒரு வகுப்புக் கட்டணமாவது நாள் கூலிக்காரர் கைக்கு எட்ட வேண்டும், இரவுக் காட்சி, கடைசி ரயிலும் கடைசி பஸ்ஸும் போவதற்குள் முடிய வேண்டும்.